சிநேகாவுக்கு ஒரு நாள் லீவு

சந்திரம்மா அக்காவைப் பற்றிச் சிங்கப்பெருமாள் கோயிலில் யாரிடம் கேட்டாலும், "அந்த மெஷின் பைத்தியமா?" என்பார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளைப் பல வருஷம் என் வேனில் ஏற்றி இறக்கியவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். யாருக்குப் பைத்தியம் என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ராஜேந்திரன். ஊருக்கு வெளியே இருக்கும் தொழிற்பேட்டைக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுகிறேன். அக்காவுக்கு அங்கே ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. தரை துடைப்பதுதான், பெயர் மட்டும் பெரிசு.

அவள் பிறந்தது செய்யூருக்கு உள்ளே ஒரு காலனியில். சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. ஊரான் நிலத்தில் நாற்று நடுவதும் வேர்க்கடலை பிடுங்குவதும்தான் பிழைப்பு. தாகம் என்று போய் நின்றால் பண்ணை வீட்டில் செம்பைத் தொட விடமாட்டார்கள், குனிந்து கையேந்தினால் மேலேயிருந்து ஊற்றுவார்களாம். புருஷன் கருப்பன் சவுக்கு வெட்டப் போய், சாய்ந்த மரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு செத்தான். பள்ளிக்கூடம் போகிற வயசில் ஒரே பெண், சிநேகா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்து, சிங்கப்பெருமாள் கோயிலில் ஒற்றை ரூம் வாடகைக்கு எடுத்து, கம்பெனி வேலையில் சேர்ந்தாள்.

நல்லதை நல்லது என்று சொல்லிவிட வேண்டும். அந்தக் கம்பெனிதான் அக்காவுக்கு முதல் ஜோடி ஷூ கொடுத்தது. கேன்டீனில் எல்லோரோடும் சமமாக நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டை தொங்கியது. ஊரில் அவளுக்குக் கையில் தண்ணீர் ஊற்றிய வீட்டுப் பையன் அதே கேன்டீன் வரிசையில், அவளுக்குப் பின்னால் தட்டோடு நின்றான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரிதான் அவளுக்கு அந்தக் கம்பெனி. வேன் சன்னதித் தெருவைத் தாண்டும்போது கோபுரத்தைப் பார்த்து, "கம்பெனி நல்லா இருக்கணும் பெருமாளே" என்று அவள் கும்பிடுவதை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

சிநேகா பிளஸ் டூ முடித்ததும் அங்கேயே லைனில் சேர்ந்தாள். காருக்குள் ஓடுகிற வயர்களைப் பலகையில் வரிசையாகப் பதித்து, கிளிப் போட்டு, கட்டாகக் கட்டுகிற வேலை. அவள் கை வேகத்துக்கு லைனில் ஆள் கிடையாது. இத்தனைக்கும் இடது சுண்டுவிரல் மடங்காது. சின்ன வயசில் கதிர் அறுக்கிற இடத்தில் அரிவாள் பட்டு நரம்பு போய்விட்டது. மற்ற விரல்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். அம்மாவிடமிருந்து வந்த பழக்கம் ஒன்றும் அவளுக்கு இருந்தது. நடவுக்கு இறங்குகிற பெண்கள் முதல் நாற்றுக் கற்றையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சேற்றில் வைப்பார்கள். சிநேகா ஒவ்வொரு பலகைக்கும் முதல் வயரை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வாள். லைனில் மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே செய்தாள்.

ஒரு மழைக்காலத்தில் கம்பெனி அவள் கையைப் படம் பிடிக்க ஆரம்பித்தது. தலையில் கேமரா வைத்த தொப்பி, கையில் வயர் ஓடுகிற கையுறை. ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டில் சூப்பர்வைசர் பூபாலன். அவர்தான் வந்து, "உன் கை ஃபாரினுக்கே போவப் போவுது, பாத்துக்க" என்று சொன்னாராம். அன்றைக்கு வேனில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். எதற்குப் படம் என்று அவளுக்கும் தெரியாது, மைசூர்பாகைத் தின்ற எங்களுக்கும் தெரியாது.

அந்த வேலை முடிகிற நேரத்தில் அவளுக்கு ஜுரம் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வரப்போகிறார்கள், படம் முடிந்தாக வேண்டும் என்று பூபாலன் லீவு தரவில்லை. என் சீட்டுக்குப் பின்னால் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டு வருவாள்.

"லீவு கெட்ச்சுதாம்மா?" என்று கேட்டேன்.

"நாளைக்குக் குடுக்கறன்னாருண்ணா."

மறுநாளும் இதையேதான் சொன்னாள். அதற்கடுத்த நாள் பலகை மேலேயே சாய்ந்துவிட்டாள். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் அவர்களால் முடிந்ததெல்லாம் பார்த்தார்கள். டெங்கு, ரொம்ப முற்றிவிட்டது என்றார்கள். செய்யூருக்குக் கொண்டுபோய், அவள் அப்பனுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்தோம்.

காரியம் முடிந்து அக்கா மறுபடி வேலைக்கு வந்தாள். வேறென்ன செய்வாள், வாடகை இருக்கிறது, வயிறு இருக்கிறது. வேனில் சிநேகா உட்கார்ந்து வந்த அந்தப் பின் சீட்டில் மட்டும் யாரையும் உட்கார விடமாட்டாள், தன் பையை வைத்துக்கொள்வாள்.

அடுத்த வெயில் காலத்தில் கம்பெனிக்குள் கண்ணாடியால் ஒரு ரூம் கட்டினார்கள். ஒரு நாள் வேலை முடிந்து ஏறிய அக்கா என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"தம்பி, உள்ள எம் பொண்ணு கீறா."

"இன்னாக்கா சொல்ற?"

"கண்ணாடி ரூமுல. கை மட்டும் கீது."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பிள்ளையைப் பறிகொடுத்தவள், என்னென்னவோ தோன்றத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டு கியரைப் போட்டேன். ஆனால் லைனில் சிநேகாவுக்குப் பக்கத்தில் நின்ற கீர்த்தனாவும் வேனில் இருந்தாள். அவள் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"நானும் பாத்தேண்ணா. ரோபோ கைதான். முதல் வயரை எடுத்து மேல தூக்கி ஒத்திக்குது. அதுக்கு மூஞ்சி இல்ல, சும்மா காத்துல ஒத்துது. சுண்டு விரலு மடங்கல."



அக்காவுக்கு அந்த ரூமையும் துடைக்கிற வேலை கொடுத்தார்கள். ரோபோவைச் சுற்றி மஞ்சள் கோடு ஒன்று போட்டிருக்கும். அதைத் தாண்டி ஆள் கால் வைத்தால் ரோபோ தானே நின்றுவிடும், சிவப்பு விளக்கு எரியும். துடைக்கிறவர்களுக்கு முதல் பாடமே கோட்டைத் தாண்டாதே என்பதுதான். அவள் தாண்டவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கமாக மாப்பைப் பிடித்துக்கொண்டு, அதோடு மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பாள் என்று கீர்த்தனா சொன்னாள். அமாவாசை அன்றைக்குக் கோட்டு ஓரத்தில் கடலை மிட்டாய் வைத்திருக்கிறாள். எறும்பு வந்து, பூபாலன் வந்து, பெரிய பேஜாராகிவிட்டது.

நானே அவளை அதட்டியிருக்கிறேன். "எக்கா, மெஷினுகிட்ட போயி இன்னா பேச்சு? வேல போயிடப் போவுது."

"அவளுக்கு ஜுரம் வுடல தம்பி," என்றாள்.

"இன்னாது?"

"கை நடுங்குது. ஒத்திக்கினு கீழ எறக்கும்போது நடுங்குது பாரு, கடேசி நாளு நடுங்குனாளே, அதே மாரி. ராவும் பகலும் மூணு ஷிப்டும் பாக்கறா. ஜுரத்தோட."

ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ரூமைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர் சஹானா, ஊரப்பாக்கத்துப் பெண். சின்ன வயசு, யாரையும் மரியாதை குறைவாகப் பேசாது. ஒரு சாயங்காலம் ஆபீஸ் கார் வரவில்லை என்று என் வேனில் ஸ்டேஷனுக்கு ஏறியது. கேட்டுவிட்டேன்.

"நிறைய பேரோட கையைப் பதிவு பண்ணோம்ணா. பிசகே இல்லாம இருந்தது ஒருத்தங்களோடதுதான். அதை வெச்சுத்தான் சொல்லிக் குடுத்திருக்கு," என்றது.

"வயரை மேல தூக்குதே, அது?"

"அது வெளிச்சத்துல பாத்து சரிபார்க்கிறது. ஹெட் ஆபீஸ்ல அதைத்தான் ரொம்பப் பாராட்டினாங்க. எல்லா நாட்டுக்கும் அதையே முறையா வெச்சுட்டாங்க."

"நடுக்கம்?"

"மோட்டாரை மாத்திப் பாத்தோம். போகல."

"அது சரிபாக்கறது இல்லம்மா. தொழிலைக் கும்பிடறது. அந்தப் பொண்ணு கடேசி வாரம் ஜுரத்தோடதான் உங்க கையுறைய மாட்டிக்கினு நின்னுது."

சஹானா என்னைப் பார்த்தது. பிறகு தன் இரண்டு கையையும் மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தது. ஸ்டேஷனில் இறங்கும்போது எப்போதும் சொல்கிற தேங்க்ஸைச் சொல்ல மறந்துவிட்டது.

புரட்டாசி பிறந்ததும் அக்கா கம்பெனி வாசலில் பூபாலனை வழிமறித்தாள். நான் வேனில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தேன்.

"சார், ஒரு நாள் லீவு ஓணும்."

"எட்துக்கக்கா. உனக்கு யாரு இல்லன்னது?"

"எனக்கில்ல. உள்ள கீறாளே, அவளுக்கு."

பூபாலன் சிரித்தார். "மெஷினுக்கு இன்னாத்துக்குக்கா லீவு?"

"மெஷினுக்கு யாரு கேட்டா? எம் பொண்ணுக்குக் கேக்கறேன். நாளைக்குக் குடுக்கறேன்னு சொன்னியே, அந்த லீவு. ஒரு நாளு படுத்து எழுந்தான்னா ஜுரம் வுட்ரும். அப்பால அவ போவ வேண்டிய எடத்துக்குப் போயிடுவா. நடுக்கத்தோட நிக்க வெச்சிகினு கீறீங்களே சார்."

பூபாலன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வற்றிப்போனது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவருக்கு மேலே ஒருவன், அவனுக்கு மேலே ஒருவன். கடைசியில் இருக்கிறவனை நாம் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆயுத பூஜ வருதுல்ல. அன்னிக்கு எல்லாத்தையும் நிறுத்தி பொட்டு வெச்சுடுவோம். அதுவும் நிக்கும். போதுமா?"

போதும் என்றாள். கருவிக்கு ஓய்வு கொடுக்கிற நாள் அது. சம்மட்டி முதல் சைக்கிள் வரை கழுவிப் பொட்டு வைத்து, அன்றைக்கு அதைத் தொடாமல் விடுவது இந்த ஊரில் வழக்கம். அந்தக் கம்பெனியும் வந்த வருஷத்திலிருந்து அப்படித்தான் செய்தது. அக்கா அந்த நாளுக்காகவே இருந்தாள். சிநேகாவுக்குக் கேசரி என்றால் உயிர். அதைச் செய்து எடுத்துக்கொண்டு, குளித்து, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வேனில் ஏறினாள். அவள் பூ வைத்து நான் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

அன்றைக்கு டிரைவர்களையும் உள்ளே விடுவார்கள். வேனுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் தெளித்துவிட்டு நானும் போனேன். லைன் எல்லாம் நின்றிருந்தது. பலகைக்குப் பலகை குங்குமம், பொரி, பூசணிக்காய். எப்போதும் காது அடைக்கிற இடம், அன்றைக்கு ஊதுவத்தி வாசனையோடு அமைதியாக இருந்தது. ஐயர் கற்பூரம் ஏற்றினார். எல்லோரும் கையைக் கூப்பினோம்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கண்ணாடி ரூமிலிருந்து, கிளிப் போடுகிற சத்தம். டக். கொஞ்சம் பொறுத்து மறுபடி டக். அவ்வளவு பெரிய கூடத்தில் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

பெண்கள் ஒவ்வொருவராகக் கூப்பிய கையை இறக்கினார்கள். அக்கா பூபாலனைப் பார்த்தாள்.

"எங் கையில இல்லக்கா," என்றார் அவர். "மேலேந்து ஆர்டர். மனுஷங்களுக்குத்தான பூஜ, அத்த எதுக்கு நிறுத்தணும்னு கேக்கறாங்க. நான் இன்னா சொல்றது?"

அக்கா கேசரிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கண்ணாடி ரூமை நோக்கி நடந்தாள். வாசலில் ஷூவைக் கழற்றி வைத்தாள். கம்பெனி கொடுத்த ஷூ. வெறுங்காலோடு உள்ளே போய், மஞ்சள் கோட்டைத் தாண்டினாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் நின்றது.

சஹானா என்னிடம் ஓடி வந்தது. "அண்ணா, உங்க பேச்சைக் கேப்பாங்க. கூட்டிட்டு வந்துடுங்க." போனேன். அதற்கு முன் நான் அந்த ரூமைப் பார்த்ததில்லை. உள்ளே ஏசி குளிரில் பல் கிட்டியது. மேடை மேல் இரும்புத் தோள் ஒன்று, அதிலிருந்து ஒரு கை. முதல் வயரை எடுத்துக் கண்ணில் ஒற்றப்போகிற நேரத்தில் நின்றுபோயிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் எதிர்ச் சுவர்தான் தெரிந்தது. சுண்டுவிரல் நீட்டிக்கொண்டிருந்தது. நின்ற பிறகும் அந்தக் கை லேசாக நடுங்கியது. இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன். நின்றால் பூட்டிக்கொள்ளும், அசைய வழியே இல்லை என்று சஹானா பிற்பாடு எனக்கு விளக்கியது.

சிநேகா அம்மாவைவிட உயரம். அக்கா அண்ணாந்து அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கேசரிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டி, அந்தச் சுண்டுவிரலைப் பிடித்தாள்.

"ஜில்லுனு கீதேடி," என்றாள்.

முந்தானையை எடுத்து அந்த இரும்பு விரல்களைச் சுற்றிப் போர்த்தினாள். இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது.

எனக்கு அவளைக் கூப்பிட வாய் வரவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன், அதை மறைப்பானேன். பூபாலன் கோடு வரை வந்தார். கால் வைக்காமல் திரும்பிப் போனார். செக்யூரிட்டிக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுக் கதவருகே நின்றுகொண்டார்கள். பெண்கள் எல்லோரும் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றார்கள், ஒருத்தியும் பொரியைத் தொடவில்லை. பூபாலனுடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. "சென்சார் கோளாறு, சாயங்காலம் வரைக்கும் ஓட்ட முடியாதுன்னு சொல்லிடுங்க சார்," என்றது சஹானா. அவர் அப்படியே சொன்னார்.

வெயில் சாய்கிறவரை அக்கா அங்கேயே நின்றாள். பிறகு முந்தானையை மெல்ல எடுத்தாள். "தூங்கிட்டா," என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வாசலில் அவள் கழுத்து அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஷூவையும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் கையில் இருந்த வயர் இனி உதவாது என்று சஹானா அதை உருவி அக்காவிடம் கொடுத்திருந்தது. அக்கா என்னை நேராக மாமல்லபுரத்துக்கு ஓட்டச் சொன்னாள். கோயிலைப் பார்க்க வந்த கூட்டத்தைத் தாண்டி, மீனவர் குப்பத்துப் பக்கமாகக் கடலில் இறங்கி, வயரைத் தண்ணீரில் விட்டாள். அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து அவள் காலடியில் போட்டது. மறுபடி விட்டாள். மறுபடி வந்தது. "போம்மா, லீவுதான், போ," என்று சொல்லி விட்ட பிறகுதான் போனது. நனைந்த புடவையோடு வேனில் ஏறி, அந்தப் பின் சீட்டில் முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் அவள் செய்யூருக்கே போய்விட்டாள். கம்பெனியில் அந்தக் கையைப் பெட்டியில் அடைத்து எங்கோ அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் லைனையே மூடிவிட்டார்கள். வேறு நாட்டில் புதிய ஆலையாம், இங்கே இனி கட்டுப்படி ஆகாதாம். கீர்த்தனாவும் மற்றவர்களும் வேலை கேட்டு வேறு வேறு கம்பெனி கேட்டில் போய் நின்றார்கள். என் வேனில் பாதி சீட் காலி.

தை கழிந்து ஒரு நாள் செய்யூர்ப் பக்கம் சவாரி வந்தது. வழியில் டீக்கடையில் நிறுத்தியபோது கீர்த்தனா ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அந்தக் கம்பெனியின் புதிய ஆலை விளம்பரம். ஆளே கிடையாது. கேமரா போய்க்கொண்டே இருக்கிறது, கண்ணுக்கு எட்டுகிறவரை வரிசை வரிசையாகக் கைகள். எல்லாம் ஒரே நேரத்தில் முதல் வயரை எடுத்து, மேலே தூக்கி, இல்லாத கண்ணில் ஒற்றின. எல்லாவற்றிலும் சுண்டுவிரல் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே இறங்கும்போது எல்லாம் சேர்ந்து லேசாக நடுங்கின. டீயைக் கீழே ஊற்றிவிட்டு வந்தேன்.

அக்கா வேர்க்கடலைக் கொல்லையில் பிடுங்க இறங்கிக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது, கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வரப்புக்கு வந்தாள்.

"அத்த எட்துட்டாங்களாமே தம்பி? கீர்த்தனா சொல்லுச்சு."

"ஆமாக்கா."

"அப்ப நின்னுட்ச்சு இல்ல?"

போன் என் சட்டைப் பையில் இருந்தது. அது சூடாக இருப்பதாக எனக்குத் தோன்றியது.

"நின்னுட்ச்சிக்கா," என்றேன்.

"தூங்கட்டும்," என்றாள். கொல்லையில் இறங்கி, முதல் செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். நான் வேனைத் திருப்பப் போய்விட்டேன்.